கென்டக்கியின் புகையிலைக் கவுண்டிகளுக்குச் சென்ற அரசுப் பணமும் நம் கரும்புத் தோட்டக்காரர்களும்

கேள்வி
எழுதியவர்: திரியோலே வாசகர்

அனைவருக்கும் வணக்கம்.

என் அண்ணன் மகள் இங்கே மொரீஷியஸில், ரெத்வீயிலுள்ள பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல் படிக்கிறாள். அவளுடைய ஆய்வேட்டுக்காக, அமெரிக்காவில் எந்தக் கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) எந்தப் பயிரின் பேரில் எவ்வளவு அரசுப் பணம் சென்றது என்று ஆண்டுவாரியாகக் காட்டும் பட்டியல்களை இருவருமாகப் படித்து வருகிறோம். கென்டக்கி மாநிலத்தின் மலையோரக் கவுண்டி ஒன்றில் மற்றப் பயிர்களின் பேரில் வந்ததைவிடப் புகையிலையின் பேரில் வந்த தொகையே பல ஆண்டுகள் முன்னால் நிற்கிறது. பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான் கிடைத்திருக்கிறது. மிகச் சிலருக்கு மட்டுமே பெருந்தொகை. அந்தப் பணம் 2005இல் தொடங்கி 2014உடன் நின்றுவிடுகிறது.

புகைபிடித்தலால் வரும் நோய்களுக்கு எதிராகப் பெருந்தொகை செலவிடும் ஓர் அரசு, புகையிலையைப் பயிரிட்டவர்களுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. நம் நாடு உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 2004ஆம் ஆண்டே முழுமையாக இணைந்தது. 2009இல் சிகரெட் பெட்டிகளில் படத்துடன் கூடிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இங்கும் ஒரு காலத்தில் புகையிலை பயிரிட்டார்கள், புகையிலை வாரியம் இலையை வாங்கியது. இன்று அந்தப் பயிரை நினைவில் வைத்திருப்பவர்கள் மூத்தவர்கள் மட்டுமே. அப்படியிருக்க, அமெரிக்காவில் பத்து ஆண்டுகள் பணம் கொடுத்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். நாங்கள் கரும்புக் குடும்பம். ஐரோப்பாவுடனான சர்க்கரை ஒப்பந்தம் 2009இல் முடிவுக்கு வந்தபோது இங்கும் உதவித்தொகை, மாற்றுத் திட்டம், விருப்ப ஓய்வு என்று பல வந்தன. அங்கே நடந்ததை அறிந்தவர்கள், பணம் யார் கைக்குப் போனது, எந்தக் கணக்கில் போனது என்பதை விளக்கினால் எங்களைப் போன்றவர்களுக்கும் பயன்படும்.

பதில் 1
எழுதியவர்: ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காளர்

ஐயா, வணக்கம். நீங்கள் பார்த்த பத்து ஆண்டுத் தொகை, புகையிலையைப் பயிரிடுங்கள் என்று கொடுத்த மானியம் அன்று. ஓர் உரிமையை அரசு ஒழித்தபோது அதற்காகத் தந்த விலை அது. இதைப் புரிந்துகொள்ள 1938ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டம்வரை பின்னால் போக வேண்டும்.

1930களின் பெருமந்தத்தில் இலையின் விலை சரிந்ததால், யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்பதை அரசே வரையறுத்தது. இந்த ஒதுக்கீடு ஆளுக்கு வழங்கப்படவில்லை, பண்ணைக்கு வழங்கப்பட்டது. ஆற்று நீர்ப் பங்கு நிலத்தோடு சேர்ந்து கைமாறுவதுபோல, ஒதுக்கீடும் நிலத்தோடு சேர்ந்து பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போனது. பெரும்பாலும் அது கவுண்டியின் எல்லையைத் தாண்டிப் போக முடியாது என்பதால், நூற்றுக்கணக்கான சிறு கவுண்டிகளில் புகையிலை வேரூன்றி நின்றது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தியதற்கு ஈடாக அரசு ஒரு குறைந்தபட்ச விலையைத் தாங்கிப் பிடித்தது. அந்த விலைத் தாங்கலின் செலவு பொதுமக்களின் வரிப்பணத்தில் விழக்கூடாது என்று 1982இல் தனியாகச் சட்டம் செய்து, விவசாயிகளிடமிருந்தே தொகை வசூலித்தார்கள்.

காலப்போக்கில் ஒதுக்கீட்டை வைத்திருந்தவரும் பயிரிட்டவரும் வேறு வேறு ஆட்களாகிவிட்டனர். நகரத்துக்குப் போய்விட்ட வாரிசுகளும், வயது முதிர்ந்த கைம்பெண்களும், நிலத்தை வாங்கி வைத்திருந்த தொழில்முறையாளர்களும் ஒதுக்கீட்டைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெற்றனர். இளம் விவசாயி ஒருவர் புகையிலை விதைக்க வேண்டுமானால், விதைக்கும் உரத்துக்கும் முன்னதாகவே இந்த உரிமைக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டளவில் உரிமையாளர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். 2002 கணக்கெடுப்பின்படி புகையிலை பயிரிட்ட பண்ணைகளோ ஏறத்தாழ 57,000 மட்டுமே. உங்கள் பட்டியலில் அத்தனை பேருக்குச் சிறு தொகை வந்திருப்பதன் காரணம் இதுதான்.

புகைபிடித்தலால் வந்த மருத்துவச் செலவுக்கு ஈடாக நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்று, 1998 நவம்பரில் 46 மாநிலங்கள் சிகரெட் நிறுவனங்களுடன் செய்துகொண்ட பெரும் உடன்பாட்டுக்குப் பின், சிகரெட் விலை உயர்ந்தது, விற்பனை குறைந்தது, மலிவான வெளிநாட்டு இலையும் உள்ளே வந்தது. 1997க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஒதுக்கீடு ஏறத்தாழப் பாதியாக வெட்டப்பட்டது. விவசாயிகளே இந்த முறையை முடித்துவிடுங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2004 அக்டோபர் 22 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட வரிச் சட்டமொன்றின் ஒரு பகுதியாக, ஒதுக்கீடும் விலைத் தாங்கலும் ஒழிக்கப்பட்டன.

கணக்கு இப்படி. ஒதுக்கீட்டின் உரிமையாளருக்கு, 2002ஆம் ஆண்டின் அடிப்படை ஒதுக்கீட்டில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 7 டாலர். பயிரிட்டவருக்குப் பவுண்டுக்கு 3 டாலர். அதுவும் 2002, 2003, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளும் பயிரிட்டிருந்தால்தான் முழுத் தொகை, இரண்டு ஆண்டுகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டுமாக இருந்தவர் 10 டாலர் பெற்றார். எல்லாமே பத்துச் சம ஆண்டுத் தவணைகள். எடுத்துக்காட்டாக, 1,000 பவுண்டு ஒதுக்கீடு வைத்திருந்த ஒரு முதியவருக்கு மொத்தம் 7,000 டாலர், ஆண்டுக்கு 700 டாலர். 50,000 பவுண்டு வைத்திருந்தவருக்கு ஆண்டுக்கு 35,000 டாலர். தவணைக்குக் காத்திருக்க விரும்பாதவர்கள் உரிமையை நிதி நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்து, தள்ளுபடி போக ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தது.

இந்தப் பணம் அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 1,014 கோடி டாலர் என்று சட்டம் வரம்பிட்டு, அதைச் சிகரெட் முதலிய புகையிலைப் பொருள்களின் தயாரிப்பாளர்களிடமிருந்தும் இறக்குமதியாளர்களிடமிருந்தும் சந்தைப் பங்கின்படி காலாண்டுதோறும் வசூலித்தது. வேளாண் துறை அந்த வசூலைக் கவுண்டி அலுவலகங்களின் வழியாகக் கொண்டுசேர்த்தது. உரிமையாளர் பெற்ற தொகையை, ஒரு சொத்தை விற்றதால் வந்த மூலதன ஆதாயமாகவே வரித்துறையும் எடுத்துக்கொண்டது. பயிரிட்டவர் பெற்றதைச் சாதாரண வருமானமாகக் கணக்கிட்டது. எது சொத்து, எது கூலி என்று அந்தச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பது இந்த வேறுபாட்டிலேயே தெரிகிறது.

பதில் 2
எழுதியவர்: கியூர்ப்பிப் செவிலியர்

கணக்காளர் ஐயா எழுதியதை மிகக் கவனமாகப் படித்தேன். விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்ட ஐயாவின் முதல் கவலைக்கு அது முழுப் பதிலாகாது என்று கருதுகிறேன்.

பணத்தைச் சிகரெட் நிறுவனங்கள் கட்டினாலும், அந்தச் செலவை அவை விற்பனை விலையில் ஏற்றாமல் விடப் போவதில்லை. ஆகவே ஒதுக்கீட்டு உரிமையாளருக்குப் போன 7 டாலரில் ஒரு பகுதியை, பழக்கத்தை விட முடியாமல் தவித்த ஏழைப் புகைப்பவர்களே செலுத்தினார்கள். நுரையீரல் நோயோடு வருகிறவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கும் எனக்கு இதைக் கடந்து போக இயலவில்லை.

அதைவிட முக்கியமாக, பணம் பெற்றவர் இனிப் புகையிலை பயிரிடக் கூடாது என்று எந்த நிபந்தனையும் இல்லை. ஒதுக்கீடு போனதால் விலைத் தாங்கலும் போனது. பவுண்டுக்கு 2 டாலர் அளவில் இருந்த பர்லி வகை இலை, அடுத்த பருவத்தில் ஒன்றரை டாலரை ஒட்டி இறங்கியது. சிறு விவசாயிகள் அந்த விலையில் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகினார்கள். 2004இல் சுமார் 4 லட்சம் ஏக்கராக இருந்த பரப்பு 2005இல் 3 லட்சம் ஏக்கர் அளவுக்குக் குறைந்தது. நிலைத்து நின்றவர்களோ பெரும் பண்ணைக்காரர்கள். எல்லைக் கட்டுப்பாடும் வாடகையும் இல்லாததால் பரப்பை விரித்துக்கொண்டார்கள். 57,000 பண்ணைகள் 2007 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16,000 ஆகவும், 2012இல் ஏறத்தாழ 10,000 ஆகவும் சுருங்கின. நிறுவனங்களுக்கு மலிவான இலையும், பேரம் பேச முடியாத ஒப்பந்த விவசாயிகளும் கிடைத்தார்கள். பிலிப் மோரிஸ் 2000ஆம் ஆண்டிலேயே ஏலக் கிடங்குகளை ஒதுக்கிவிட்டு நேரடி ஒப்பந்தத்தைத் தொடங்கியிருந்தது. ஒதுக்கீடு ஒழிந்தபின் அதுவே பொது வழக்கமாயிற்று. இன்றும் புகையிலைப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு ஏற்கிறது.

உலக உடன்படிக்கையின் 17ஆவது விதி, புகையிலையை நம்பி வாழ்கிறவர்களுக்குப் பிழைக்கத்தக்க மாற்றுத் தொழிலை ஊக்குவிக்கச் சொல்கிறது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் 2004இல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. விவசாயியை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மக்கள் நலனுக்காகச் செய்த ஏற்பாடு என்று இதைச் சொன்னால் ஏற்க மாட்டேன்.

பதில் 3
எழுதியவர்: ஃப்ளாக் பகுதித் தோட்டக்காரர்

வணக்கம். செவிலியர் அம்மா கேட்பது நியாயம். மாற்றுத் தொழிலுக்கு அங்கே ஏதும் செய்யவில்லையா என்பதற்கு விடை, இந்தப் பத்து ஆண்டுத் தொகைக்கு வெளியே இருக்கிறது. கேள்வி கேட்ட அண்ணன் பார்த்த பட்டியலில் அது வந்திருக்காது, ஏனென்றால் அது நடுவண் அரசின் பணமன்று.

1998 உடன்பாட்டின்படி 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் வர வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பல மாநிலங்கள் அதை வரவுசெலவில் விழுந்த துண்டுகளை அடைக்கச் செலவழித்தன. கென்டக்கி வேறு மாதிரி முடிவெடுத்தது. 2000ஆம் ஆண்டில் அந்த மாநிலச் சட்டமன்றம், தனக்கு வரும் உடன்பாட்டுப் பணத்தில் பாதியை வேளாண் வளர்ச்சி நிதிக்கு ஒதுக்கியது. அந்த நிதியிலும் 35 விழுக்காட்டைக் கவுண்டிகளின் பேரில் பிரித்து வைத்தது. கவுண்டிதோறும் உள்ளூர் விவசாயிகள் அடங்கிய குழு அமைத்து, எந்த வேலைக்குப் பணம் போக வேண்டும் என்று அந்தக் குழுவே முன்னுரிமை வகுத்தது. மாட்டினத்தைச் சீர்செய்வது, வேலி, வைக்கோல் சேமிக்கும் கொட்டகை, காய்கறிச் சாகுபடி, தேனீ, பசுமைக்குடில் என்று கவுண்டிக்குக் கவுண்டி தேவை வேறுபட்டது. செலவில் பொதுவாகப் பாதியை விவசாயி போட வேண்டும். வட கரோலினா இதே பணத்தில் பாதியைக் கொண்டு 1999இல் கோல்டன் லீஃப் என்ற அறக்கட்டளையை அமைத்து, புகையிலையை நம்பியிருந்த ஊர்களின் பொருளாதாரத்துக்குச் செலவிட்டது.

என்னைப் பொறுத்தவரை, நமக்குப் பாடமாக வேண்டியது கவுண்டிக் குழு முறைதான். உரிமையாளருக்கு வந்த 7 டாலர் பிள்ளைகளின் படிப்புக்கோ கடனுக்கோ போய்த் தீர்ந்தது, அதில் தவறில்லை. ஆனால் ஒரு கொட்டகையும் வேலியும் நிலத்தில் நிற்கின்றன, அடுத்த தலைமுறைக்கும் உதவுகின்றன.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1975 முதல் ஐரோப்பா நம்மிடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை உறுதியளித்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் ஓர் ஒதுக்கீடுதான், ஆனால் நாட்டுக்குரியது. எந்த ஆர்ப்பான் (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலத்தோடும் ஒட்டியதன்று. 2006 முதல் 2009 வரை விலை படிப்படியாக 36 விழுக்காடு வெட்டப்பட்டபோது, ஒழிந்த உரிமைக்கு விலை கேட்கும் ஆவணம் எந்தச் சிறு தோட்டக்காரர் கையிலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈட்டு உதவி நம் அரசின் சீர்திருத்தத் திட்டத்துக்கு வந்தது. ஆலைகள் ஒன்றாக்கப்பட்டன, இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 2001இலும் பின்னரும் நடந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் தொழிலாளர்களுக்கு ரொக்கத்துடன் மனை நிலமும் தந்தார்கள். சிறு தோட்டக்காரர்களுக்கு என்று வந்தது, துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துக் கல் அகற்றி, பாசனம் அமைத்து, மறுநடவு செய்துதரும் ஃபோரிப் திட்டம். எங்கள் பகுதியில் சேர்ந்தவர்களின் வயல்களில் இன்று இயந்திர அறுவடை நடக்கிறது. சேராதவர்களின் வயல்களில் பல புதர் மண்டிக் கிடக்கின்றன. அந்தத் திட்டத்தைத் தோட்டக்காரர்களே உட்கார்ந்து முடிவெடுக்கும் ஊர்க்குழுக்களின் வழியாக நடத்தியிருந்தால் இன்னும் பலர் சேர்ந்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆள் கிடைக்காததால் கரும்பைக் கைவிட்டவர்களுக்கு, டன்னுக்கு இவ்வளவு ரூபாய் என்ற உத்தரவாத விலை மட்டும் போதாது.

கேள்வி கேட்டவரின் தொடர் கேள்வி
எழுதியவர்: திரியோலே வாசகர்

மூவருக்கும் என் நன்றி. ஃப்ளாக் தம்பி சொன்ன கவுண்டிக் குழு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணக்காளர் ஐயா சொன்ன 7க்கும் 3க்கும் உள்ள வேறுபாடுதான் மனத்தை உறுத்துகிறது. எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக உள்ள நிலம் சிறிது; மீதியை என் அம்மா காலத்திலிருந்தே எஸ்டேட் நிலத்தில் மெத்தாயேவாக, அதாவது பங்குக்குப் பயிரிடுபவர்களாக, பயிரிட்டு வருகிறோம். நாளை கரும்பை விட்டுவிடத் திட்டம் ஒன்று வந்தால், எங்களைப் போன்ற மெத்தாயேகளின் நிலை என்ன? அமெரிக்காவில் நிலமும் ஒதுக்கீடும் இல்லாமல் பங்குக்குப் பயிரிட்டவர்களுக்கு அந்த 3 டாலராவது ஒழுங்காகக் கிடைத்ததா?

பதில் 4
எழுதியவர்: ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காளர்

ஐயா, இதுதான் இந்த விவகாரத்தில் மிக முக்கியமான இடம்.

அந்தச் சட்டம் பயிரிட்டவர் என்பவரைத் தாராளமாகவே வரையறுத்தது. நில உரிமையாளர், பண்ணையை நடத்துபவர், குத்தகைக்காரர், பங்குக்குப் பயிரிடுபவர் ஆகியோரில் எவர் அந்த மூன்று ஆண்டுகளில் புகையிலை விளைவிப்பதன் நட்டத்திலும் பங்கு ஏற்றாரோ, அவருக்கு அந்தப் பங்கின் அளவுக்கு 3 டாலரில் உரிமை உண்டு. எனவே மெத்தாயேக்கு ஒப்பானவர் ஏட்டளவில் விலக்கப்படவில்லை. ஆனால் நட்டத்தில் பங்கு ஏற்றதைக் காட்டுவது வேளாண் துறையின் கவுண்டி அலுவலகப் பதிவுகளைச் சார்ந்தது. வாய்மொழியாகப் பங்கு பேசி, விற்பனைச் சீட்டை நில உரிமையாளர் பெயரிலேயே வைத்திருந்தவரின் உழைப்பு அந்தப் பதிவில் தெரியாது. நாற்று நட்டு, இலை ஒடித்து, கொட்டகையில் தொங்கவிட்ட கூலித் தொழிலாளர்களோ, அவர்களில் பெரும்பகுதியான மெக்சிகோ நாட்டவர்களோ, நட்டத்தில் பங்கு இல்லாதவர்கள் என்பதால் இந்தத் தொகையில் ஒரு டாலரும் பெறவில்லை. நம் விருப்ப ஓய்வுத் திட்டம் தொழிலாளருக்குப் பணத்தோடு மனையும் தந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவைவிட நேர்மையாக நடந்துகொண்டோம் என்று துணிந்து சொல்வேன்.

பங்கீடு 7க்கு 3 என்று அமைந்ததற்குக் காரணம், ஒதுக்கீட்டை ஒரு சொத்தாகக் கருதியது. ஒருவரின் சொத்தைப் பறித்தால் அதன் முழு விலையையும் தர வேண்டும் என்ற வாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வலுவாக நின்றது. தொழிலை இழப்பவருக்கு அப்படி ஒரு வாதம் கைவசம் இல்லை. இதை நான் சரியென்று கொள்ளவில்லை. ஆண்டுதோறும் வாடகை வாங்கியவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் தந்துவிட்டு, கொட்டகைக்கும் கருவிகளுக்கும் கடன் வாங்கி முதலீடு செய்தவருக்குக் குறைவாகத் தந்தது, தொழிலில் நிற்க விரும்பியவர்களுக்கு இழைத்த அநீதி என்றே கருதுகிறேன்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். மொரீஷியஸில் மெத்தாயேக்கு ஒரு நல்ல அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. சர்க்கரைக் காப்பீட்டு நிதி, தோட்டக்காரர்களோடு மெத்தாயேகளையும் தனிப் பிரிவாக ஏற்றுக்கொண்டு காப்பீடு செய்கிறது. உங்கள் வயல் உங்கள் பெயரில் பதிவாகி, கரும்பின் எடைச் சீட்டும் சர்க்கரைக் கணக்கும் உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால், புயலுக்கோ வறட்சிக்கோ வரும் இழப்பீட்டைப் போலவே, நாளை வரக்கூடிய எந்தத் திட்டத்திலும் நீங்கள் பயிரிட்டவர் என்பதை அந்தப் பதிவே காட்டும். பதிவு இன்னும் உங்கள் அம்மாவின் பெயரிலேயே இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டுடன் உள்ள உடன்படிக்கை எழுத்தில் இல்லையென்றால், எல்லை, பரப்பு, தொடங்கிய ஆண்டு, விளைச்சலில் பங்கு ஆகியவற்றைக் குறித்து எழுதி வாங்குங்கள். அமெரிக்கச் சட்டம் 2004 அக்டோபரில் வந்தது. ஆனால் அது கேட்ட சான்று 2002இலிருந்து தொடங்கியது. திட்டம் அறிவிக்கப்பட்ட பின் ஓடி ஓடித் தேடும் தாள்களுக்கு அதிக மதிப்பு இருப்பதில்லை.

பதில் 5
எழுதியவர்: ஃப்ளாக் பகுதித் தோட்டக்காரர்

கணக்காளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் மெத்தாயேகளும் உறுப்பினர்கள். அறுவடை முடிந்ததும் எடைச் சீட்டுகளின் நகல்களைச் சங்கத்திலேயே ஆண்டுவாரியாகக் கோப்பில் வைக்கிறோம். வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் சங்கத்தில் நகல் இருக்கும். திரியோலே அண்ணன் தம் சங்கத்திலும் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஆண்டுகளின் கணக்கு கைவசம் இல்லாதவர்கள், அவற்றின் நகலைச் சர்க்கரைக் காப்பீட்டு நிதியின் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் தோட்டக்காரர் எண்ணையும் அறுவடை ஆண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள்.